சந்தனப் பொட்டு வைத்த புத்தகங்கள்

நிரோஷா எடுத்த எடுப்பிலேயே, இந்த முறை புத்தகம் போகாது என்றாள். நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் இப்போது என் கதிரையில் இருக்கும் பிள்ளை அவள். மொன்றியலில் பிறந்தவள். தமிழில் தொடங்கி, நடுவில் பிரெஞ்சுக்குள் புகுந்து, ஆங்கிலத்தில் முடிப்பாள். மேற்கு ஆபிரிக்காவில், டோகோ நாட்டில், எங்கள் கல்லூரியோடு தொடர்புள்ள பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்கு வழக்கமாகப் போகும் புத்தகப் பெட்டிகளுக்குப் பதிலாக இனி டாப்லெட்டுகளை அனுப்பலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறதாம்.

"அன்ரி, நீங்கள் அங்க போய் இருந்தனீங்கள்தானே. ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. கூட்டத்தில வாசிக்க வேணும்."

ஓய்வு பெற்றவளிடம் ஒரு பக்கம் கேட்டால் அவள் ஒரு பக்கத்தோடு நிறுத்துவாளா? மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் என் வீட்டு வாசலில் பனி இன்னும் அழுக்குக் குவியலாகக் கிடக்கிறது. வெளியே போகவும் மனமில்லை. ஆகவே முழுவதையும் தமிழில் எழுதிவிடுகிறேன். நிரோஷாவுக்கு வேண்டிய பக்கத்தை அதிலிருந்து வெட்டி எடுக்கலாம். வெட்டி எடுப்பதைப் பற்றியதுதான் இந்தக் கதையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, அகதி மனு, தையல் தொழிற்சாலை, மாலைநேரப் பிரெஞ்சு வகுப்பு, பிறகு நூலகத் தொழில்நுட்பப் படிப்பு. இவற்றையெல்லாம் என் தலைமுறையில் பலர் எழுதிவிட்டார்கள். என்னுடையது அதில் பெரிதாக வேறுபட்டதல்ல. ஒன்றைமட்டும் சொல்லிவிடுகிறேன். நான் கெட்டிக்காரியாகத்தான் படித்தேன், முதல் விண்ணப்பத்திலேயே வேலையும் கிடைத்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஜினெத். எங்கள் நூலகத்தின் பொறுப்பாளர். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார், ஆனால் அதைப் போட்டு நான் பார்த்தது குறைவு. குரலை உயர்த்தவே மாட்டார். கியூபெக்காரர் பெரும்பாலும் செய்வதுபோல எல்லோரையும் "நீ" என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் "நீங்கள்" என்பார். எங்களுக்கு நீங்கள் என்றால் மரியாதை. அவருடைய வாயிலிருந்து நீங்கள் வந்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

புத்தகம் சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் நூலகத்தில் கடினமான வேலை. பிரான்ஸ்காரர் அதற்குப் புல்லுப் பிடுங்குதல் என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். கியூபெக்கில் சொல் வேறு. "எலகாஜ்" என்பார்கள், மரத்தில் கிளை தறிப்பது. ஜினெத் அதை ஒரு பூசைபோலச் செய்வார். தள்ளுவண்டியிலிருந்து புத்தகத்தை எடுப்பார். மேல்விளிம்பை மூக்கருகே கொண்டுபோய்ப் பூஞ்சண மணம் இருக்கிறதா என்று பார்ப்பார். நடுவில் விரித்து முதுகுத் தையல் நெகிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெளிவந்த ஆண்டு, கடைசியாக யாராவது இரவல் எடுத்தது எப்போது, எல்லாம் பார்த்து முடிந்தபின் புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாருக்கு?"

"மாணவர்களுக்கு" என்ற பதில் எடுபடாது. ஒரு முகத்தைச் சொல்ல வேண்டும். தாதிப் படிப்பு முதலாம் வருடத்தில் கணக்குக்குப் பயந்த பிள்ளைக்கு என்றால் சரி, புத்தகம் தட்டுக்குத் திரும்பிப் போகும். பதில் வராவிட்டால் கல்லூரி முத்திரைமேல் நீலப் பேனையால் ஒரு கோடு. பிறகு அது வண்டியின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும்.

முதல் நாள் நான் கோடு போட்ட புத்தகம் ஒன்று நழுவி என் காலில் விழுந்தது. குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பழக்கதோசம். ஜினெத் அது என்ன என்று கேட்டார். எங்களுக்குப் புத்தகம் சரஸ்வதி, காலில் படக்கூடாது, எறியக்கூடாது என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். அவர், நல்லது, முதலில் கும்பிடு, பிறகு வெட்டு என்றார். வேலைக்காலம் முழுக்க நான் அப்படியேதான் செய்தேன்.

கழித்த புத்தகங்களில் நல்லவை டோகோவுக்கு, மற்றவை மீள்சுழற்சி நிலையத்துக்கு. இதுதான் ஏற்பாடு. கல்லூரியில் பெட்டிகளை வைக்க இடமில்லை. அப்போது கைகொடுத்தவர் சிவபாலண்ணை. பேக்கரியில் வேலை பார்த்து இளைப்பாறியவர். மொன்றியலின் மேற்கே பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, பெரிய கராஜ், ஒரு பழைய வான். சம்பளம் வாங்காமல் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கினார். நான் ஒவ்வொரு முறையும் இரண்டு குவியலையும் காட்டி, இது ஆபிரிக்காவுக்கு, இது நிலையத்துக்கு என்பேன். "ஓம் பிள்ளை, நான் பாக்கிறன்" என்பார். அவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்கு டோகோவில்தான் தெரிந்தது.

முதல் தொகுதிப் பெட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பள்ளியின் நூலகத்தை ஒழுங்குபடுத்த உதவும்படி கல்லூரி என்னை அனுப்பியது. தலைநகர் லோமேயிலிருந்து வடக்கே அரைநாள் ஓடினால் வரும் ஒரு சிறு நகரம். பாதை நெடுகத் தேக்குத் தோட்டங்கள், இலையெல்லாம் செம்மண் தூசி. சஹாராவிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றில் என் உதடு முதல் நாளே வெடித்துவிட்டது. பிள்ளைகள் என்னைக் கண்டதும் "யோவோ, யோவோ" என்று கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரி என்று அர்த்தமாம். என்னைப் பெற்றவர்கள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

நூலகப் பொறுப்பு மதாம் அப்லாவிடம் இருந்தது. உயிரியல் ஆசிரியை. நூலகத்துக்கென்று அவளுக்கு ஒரு பாடவேளைகூடக் குறைக்கப்படவில்லை. முழுநேரமும் படிப்பித்துவிட்டு மிச்சநேரத்தில் நூலகம். அந்தப் பகுதியில் பிறந்த கிழமையைத்தான் பெயராக வைக்கிறார்கள். அப்லா என்றால் செவ்வாய்க்கிழமைப் பெண். செவ்வாய் என்றதும் எனக்குச் சாத்திரக்காரர் நினைவு வந்தது. அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு பழகியபின் அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

நாங்கள் பேசியது பிரெஞ்சு. என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்திலேயே நல்ல அறை நூலகம்தான். தரைக்கு ஓடு பதித்து, சன்னலுக்குக் கம்பி போட்டு, கண்ணாடி அலுமாரிகள் வைத்திருந்தார்கள். கதவில் பூட்டு. திறப்பு அப்லாவின் இடுப்புத்துணி நுனியில் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. உள்ளே ஒரு தூசி இல்லை. ஒரு பிள்ளையும் இல்லை. முன் அலுமாரியில், புத்தகங்களை முகம் தெரியும்படி அழகாக நிறுத்தி வைத்திருந்தாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

பனிக்காலத்துக்குக் கார் ரயர் தெரிவுசெய்வது எப்படி. உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன் பிடிப்பது எப்படி. பழைய வருடத்துக் கியூபெக் வருமானவரிக் கையேடு, நல்ல கெட்டி அட்டையில் ஒன்றல்ல, பல.

எல்லாவற்றிலும் முத்திரைமேல் என் நீலக் கோடு. அட்டையைத் திறந்தேன். உட்புறத்தில், மேல் மூலையில், காய்ந்துபோன மஞ்சள் நிறப் பொட்டு. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். சரஸ்வதி பூசையில் புத்தகத்துக்கு வைப்போமே, அதேபோல ஒரு விரல்நுனி. நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்த புத்தகங்களை சிவபாலண்ணை ஒன்றுவிடாமல் பொட்டு வைத்து ஆபிரிக்காவுக்கு ஏற்றியிருக்கிறார்.

டோகோவுக்கென்று நான் ஒதுக்கிய நல்ல புத்தகங்களில் பொட்டு இல்லை. அவற்றுக்கு ஆபத்து இல்லையே, அவர் ஏன் காப்பாற்ற வேண்டும்? ஆனால் அப்லாவுக்கு அது வேறு மாதிரி விளங்கியிருந்தது. சில புத்தகங்களில்மட்டும் யாரோ கையால் அடையாளம் வைத்திருக்கிறார்கள், ஆகவே கல்லூரி முக்கியமென்று கருதுபவை இவைதான் என்று முடிவுசெய்து முன்வரிசையில் வைத்துவிட்டாள். ரயர்ப் புத்தகத்தின் முக்கியம் என்னவென்று அறிய அதை முழுதாக வாசித்தும் இருந்தாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். இவை எல்லாம் கழிவு, இன்றைக்கே தூக்கிவிடுவோம் என்றும் சொன்னேன். அப்லாவின் முகம் மாறியது.

"தூக்கினால் என்ர பிள்ளையின்ர படிப்பும் அதோட போயிடும்," என்றாள்.

பிறகுதான் விடயத்தைச் சொன்னாள். அந்தப் பள்ளியில் கீழ்வகுப்புகள்மட்டும்தான் இருந்தன. மேல்வகுப்பு படிக்க அடுத்த நகரத்துக்குப் போய் வாடகை அறையில் தங்க வேண்டும். ஆண்பிள்ளைகளை அனுப்புவார்கள், பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். அப்லாவின் மூத்த மகள் அப்படிப் போனவள்தான். ஒரு வருடத்தில் படிப்பு நின்று, திரும்பி வந்து, இப்போது சந்தையடியில் தையல் மெசின் போட்டிருக்கிறாள். இளையவள் அக்கு கீழ்வகுப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். அதே பள்ளியில் மேல்வகுப்புத் திறக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அனுமதிக்கு நூலகம் வேண்டும். நூலகம் என்றால் இத்தனை புத்தகம் என்று விதியில் ஒரு எண் இருந்தது. கல்வி இன்ஸ்பெக்டர் வந்து எண்ணுவார். ரயரும் வரிக் கையேடும் சேர்ந்தால்தான் அந்த எண் வரும்.

நல்ல புத்தகங்களையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்றேன். கொடுத்து ஒன்று திரும்பி வராவிட்டால் எண் குறைந்துவிடும் என்றாள். ஆக, உதவாத புத்தகத்தை உதவாததால் யாரும் வாசிக்கவில்லை, உதவும் புத்தகத்தைப் பயத்தால் யாரும் வாசிக்கவில்லை. அறை பளிச்சென்று இருந்தது. வெளியே வகுப்பில் பிள்ளைகள் ஒரு பாடநூலை நான்குபேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. திட்டக் கிடைத்தவர் சிவபாலண்ணைதான், ஆகவே அவருக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன்.

"பிள்ளை, நாங்கள் நூலகம் எரிஞ்ச சனம்," என்றார். "என்ர கையால புத்தகத்தைக் குப்பையில போடச் சொல்லுறியோ? ஆரோ வாசிப்பினம் எண்டுதான் போட்டனான்."

"ஆர் அண்ணை? பனிக்கால ரயர் பற்றி ஆபிரிக்காவில ஆர் வாசிக்கிறது?"

இப்ப உலகத்தில காலநிலை எல்லாம் மாறுதுதானே, ஆர் கண்டது என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஆனால் அவர் சொன்ன முதல் வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நானும் மறக்கவில்லை. அதற்காக வரிக் கையேட்டை இந்தப் பிள்ளைகளின் தலையில் கட்டலாமா? சிவபாலண்ணைக்குத் தெரிந்தது புத்தகத்தின் முகம், வாசகரின் முகம் அல்ல. ஜினெத் அவரிடம் "யாருக்கு?" என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

மறுநாள் அப்லாவுக்கு என் தொழிலை விளக்கத் தொடங்கினேன். நான் எலகாஜ் என்றேன். அவள் படித்த சொல் பிரான்ஸ்காரருடைய புல்லுப் பிடுங்கல். பிடுங்கின புல்லை எங்கள் பக்கம் எரிப்பார்கள், நீங்கள் தறிச்ச கிளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். இத்தனை வருடம் சொன்ன சொல்லை நான் ஒருநாளும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் தறித்த கிளையை எறிவதில்லை. பூவரசங் கிளையைத் தறித்துக் கதியாலாக நடுவார்கள். அது வேர்விட்டு வேலியாகும்.

கதியால் என்பதற்குப் பிரெஞ்சில் சொல் தெரியாமல் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். அப்லா என்னைச் சன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளி வேலியைக் காட்டினாள். அங்கேயும் தடிகள்தான் நட்டிருந்தார்கள், சிலது துளிர்த்தும் இருந்தது. நான் சொல்லி முடிக்கமுன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது. வரிக் கையேடு ஒன்றைக் கையில் எடுத்து அட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல அட்டை," என்றாள். "உள்ளுக்க இருக்கிறதுதான் பிழை."

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகச் சிறந்த வேலை. ஆசிரியர்களிடம் வருடக்கணக்காகச் சேர்ந்த பாடக்குறிப்புகள் இருந்தன. பழைய பரீட்சை வினாத்தாள்களுக்கு விடை எழுதி வைத்திருந்தார் கணித ஆசிரியர். அப்லாவிடம் மரவள்ளி அழுகல் நோய் பற்றி அவளே வரைந்த படங்கள் இருந்தன. அந்த ஊரில் யார் வந்து குடியேறினார்கள், எந்தச் செடி எதற்கு மருந்து என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வந்தார்கள். அக்கு தமக்கையிடம் போய், சட்டை வெட்டுவதில் எத்தனை வடிவகணிதம் இருக்கிறது என்று படத்தோடு எழுதினாள். எல்லாவற்றையும் சந்தையடிப் போட்டோப்பிரதிக் கடையில் பிரதி எடுத்தோம்.

புத்தகம் கட்டுவது ஜினெத்திடம் நான் பழகியது. சொல்கிறேன், யாருக்காவது உதவும். பழைய அட்டையை விரித்து, அட்டையும் உள்தாளும் சேரும் மடிப்பில் மெல்லிய கத்தியை ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் முதுகுத்துணி கிழிந்துவிடும். உள்கட்டு கழன்று வந்ததும், புதுத் தாள்களைச் சில சில தாளாக மடித்து, மடிப்பில் ஊசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். நூலை இழுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும், மேலே இழுத்தால் வெட்டிவிடும். பிறகு முதுகுக்குப் பசை. பசைக்கு நான் மொன்றியலிலிருந்து கொண்டுபோன போத்தல் இரண்டாம் நாளே முடிந்தது. மரவள்ளி மாவைக் காய்ச்சினோம், அதைவிட நன்றாகப் பிடித்தது. பூச்சி வராமல் வேப்பிலைச் சாறு கலந்தாள் அப்லா.

முதல் கத்தியை வைக்க எனக்குக் கை வரவில்லை. புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிவிட்டு வெட்டினேன். அப்லா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பங்குக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். தையல் வேகம் பிடித்தது அவளுடைய மூத்த மகள் வந்தபிறகுதான். கடையைப் பின்னேரம் பூட்டிவிட்டு வந்து, நான் ஒன்று தைக்கிற நேரத்தில் மூன்று தைத்தாள். படிப்பு நின்றுபோன பிள்ளை அந்த நூலக அறையில் இருந்து சிரித்ததை நான் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது.

புதிய புத்தகங்களை எப்படிப் பதிவது என்ற கேள்வி வந்தது. வழக்கப்படி எண் போட்டு, முத்திரை குத்தி, அட்டவணையில் ஏற்றினோம். அட்டையின் உட்புறத்தில் சிவபாலண்ணையின் பொட்டு அப்படியே இருந்தது. அதை அழிப்போமா என்று கேட்டேன். வேண்டாம், எனக்கு இப்போது அது பழகிவிட்டது என்றாள் அப்லா.

இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்திய வெள்ளிக்கிழமை அப்லா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கதவைத் திறந்து, பிள்ளைகளை வரிசையாக விட்டு, ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். நான் தடுத்தேன். நூலகத்தைத் திறக்கச் சொன்னவளே நான்தான். ஆனாலும் நாலு நாள் பொறுக்கலாமே, எண்ணி முடிந்தபிறகு கொடுக்கலாமே என்றேன்.

"நாலு நாள் பொறுத்தால் நாப்பது நாள் பொறுப்பன். எனக்கு என்னைத் தெரியும்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை காலையே வந்துவிட்டார், முதல் மணி அடிக்கமுன்னம். மெலிந்த மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அலுமாரிகள் பாதி காலி. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணாடிக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, புத்தகங்கள் எங்கே என்று மட்டும் கேட்டார்.

"வாசிக்கப் போயிருக்கு," என்றாள் அப்லா. "இப்ப வரும்."

அவளுடைய கை பழக்கத்தில் இடுப்புத்துணி நுனியைத் தேடியது. அங்கே இப்போது முடிச்சு இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். தலையில் பையை வைத்துக்கொண்டு, கையில் புத்தகத்தோடு. அப்லா அவர்களை வகுப்புக்குப் போகவிடாமல் நூலக வாசலுக்கு அழைத்தாள். வரிசை முற்றத்தைத் தாண்டி வேலிவரை போனது. இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் கையிலிருந்தும் புத்தகத்தை வாங்கி, பார்த்து, எண்ணி, திருப்பிக் கொடுத்தார். சிலரிடம் என்ன வாசித்தாய் என்று கேட்டார். ஒரு பெண்பிள்ளை மரவள்ளி அழுகலைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்தவே இல்லை. வரிசை அப்படியே நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கையால் கட்டிய ஒன்றைத் திறந்தபோது பொட்டைக் கண்டார். இது என்ன என்று கேட்டார். அப்லா என்னைப் பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல? சிவபாலண்ணை, சரஸ்வதி, பியர்பொன்ட்ஸ் கராஜ், எங்கே தொடங்குவது?

"வாசிக்கத் தகுந்த புத்தகம் எண்டதுக்கு அடையாளம்," என்றாள் அப்லா.

இவற்றையும் புத்தகமென்று எண்ணலாமா என்று அவர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். நான் எழுந்து பேசப் போனேன். அப்லா என் கையைத் தொட்டு இருத்திவிட்டாள். அவர் கணித ஆசிரியரின் விடைப் புத்தகத்தைக் கையில் வைத்து நெடுநேரம் புரட்டினார். பிறகு, கொஞ்சம் தயங்கி, தன் மகன் அந்த வருடம் அதே பரீட்சை எழுதுவதாகவும், இதை எடுத்துப் போகலாமா என்றும் கேட்டார்.

பெரிய இடத்து மனிதர். அனுமதி அவர் கையில். வேறு யாராவது இருந்திருந்தால், வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று கொடுத்திருப்பார்கள், நான் உட்பட.

"தாராளமா எடுக்கலாம்," என்றாள் அப்லா. "பெயர் எழுதிக் கையெழுத்து வையுங்கோ. ரெண்டு கிழமைக்குள்ள திருப்பித் தர வேணும்."

அவர் கையெழுத்து வைத்தார். முடிவு ஒன்றும் சொல்லாமல் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். அந்தக் கிழமையே நானும் புறப்பட வேண்டியிருந்தது. விமானத்தில் அக்குவின் முகமே கண்ணுக்குள் நின்றது.

மொன்றியலில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு நாள், கோப்புகளுக்கு நடுவில் இருந்தபோது அப்லாவின் குரல் செய்தி வந்தது. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தாராம். ஒரு கையில் விடைப் புத்தகம், மற்றக் கையில் மேல்வகுப்புக்கான அனுமதி. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு புத்தகம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் கொண்டுவந்தது தவணை தாண்டி. பிந்திக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு கிழமைக்கு இரவல் இல்லை, அதுதான் நூலகத்தின் ஒழுங்கு என்று அவரிடமும் சொல்லிவிட்டாளாம். நான் அந்தச் செய்தியை ஜினெத்துக்குப் போட்டுக் காட்டினேன். அவர் அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், பிறகு கழற்றித் துடைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறிப் பியர்பொன்ட்ஸ் போனேன். சிவபாலண்ணை கராஜில்தான் இருந்தார், பெட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில். நடந்ததெல்லாம் சொன்னேன். ரயர்ப் புத்தகத்தையும் வரிக் கையேட்டையும் வெட்டியதை ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப நான் காப்பாத்தினதை எல்லாம் கிழிச்சுப் போட்டியள்," என்றார்.

"ஓம் அண்ணை."

"பொட்டு?"

"பொட்டு அப்பிடியே இருக்குது. இன்ஸ்பெக்டர் வீட்ட கொண்டுபோனதிலயும் இருந்தது."

அவர் எழும்பி, நிலையத்துக்குப் போக வேண்டிய குவியலைக் கிளறி, அட்டை நல்லதாக இருந்தவற்றைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கினார். மற்றவற்றை வானில் ஏற்றச் சொன்னார். வான் கதவை அடித்துச் சாத்தும்போது அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன். நான் அதைக் காணாத மாதிரி இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பொட்டு வைக்கமுன்னம் எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, இது ஆருக்கு?" என்று கேட்பார்.

அக்கு அதே பள்ளியில் மேல்வகுப்பு முடித்துவிட்டாள், அவளுடைய வகுப்புப் பெண்பிள்ளைகளும். இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள்.

டாப்லெட் விடயத்துக்கு வருகிறேன். நிரோஷா, நான் அதற்கு எதிரி இல்லை. அங்கே மின்சாரம் வந்து வந்து போகும். பழுதானால் திருத்த ஆள் வேண்டும். அப்லாவுக்கு இன்னமும் நூலகத்துக்கென்று ஒரு பாடவேளை கிடையாது. இவையெல்லாம் உங்களுடைய கூட்டத்தில் மற்றவர்களே சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான். உடைந்தால் யார் பொறுப்பு? பொறுப்பு அப்லாவின் தலையில் என்றால், அவள் அவற்றைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள், திறப்பு திரும்பவும் இடுப்பு முடிச்சுக்குப் போகும், அதில் அவள் பிழை ஒன்றும் இருக்காது. ஆகவே உடையலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

டாப்லெட் வேண்டுமா என்று நிர்வாகத்தில் யாரும் அங்கே கேட்கவில்லை என்று நிரோஷா சொன்னபடியால், நானே அப்லாவுக்குக் குரல் செய்தி போட்டுக் கேட்டேன். பதில் இன்று காலை வந்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம், அவள் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"அனுப்புங்கோ. ஆனால் பொட்டு வைச்சு அனுப்புங்கோ."

டாப்லெட்டில் பொட்டை எங்கே வைப்பது என்று நிரோஷா கேட்டாள். சிவபாலண்ணையைக் கேள் என்றேன், அவர் சந்தனம் குழைக்கத் தொடங்கியிருப்பார். ஆனால் அதற்குமுன் அவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார், பதிலை யோசித்து வைத்துக்கொள்.